திருச்சிராப்பள்ளி நாடக மேடையும் நம் சங்கத்தின் கடமையும்

இயல், இசை, நாடகம் என மூவகைப்பட்ட தமிழுள் நாடகத்திற்கு நேர்ந்த இழிவு ஏனைய இரண்டிற்கும் நேர்ந்ததில்லை. புலவனுக்குப் பொன்னாடை போர்த்திய ஊர், பாடகனைப் பல்லக்கில் ஏற்றிய ஊர், நாடகம் நடித்தவனை மட்டும் 'கூத்தாடி' என்று சொல்லி வாயிற்புறத்தே நிறுத்தி வைத்தது. விடியுமளவும் அவன் அரிச்சந்திரனாய் நின்று அழுதால் தாமும் உடன் அழுவர். விடிந்தபின் அவனுக்குப் பெண் கொடார். இவ்விழிவு எவ்வாறு நீங்கிற்று, நீக்கியவர் யாவர், அவர் செய்த காரியத்தினின்று நம் சங்கத்தார் இன்று அறிந்துகொள்ளத்தக்கது யாது என்பனவற்றை நம் ஊராகிய திருச்சிராப்பள்ளியின் வரலாறு கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாம். இறுதியில் யாம் கூறப்போவது எமக்கே நாணம் தருவதொரு செய்தி. ஆயினும் அதனை மறைத்து ஏனையவற்றைக் கூறுவதனாற் பயனில்லை.

நாடகம் நம்மவர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஓதியவர், அரங்கம் அமைக்கும் இலக்கணம் அந்நாளிலேயே எத்துணை நுட்பமாக வகுக்கப்பட்டிருந்தது என்பதனை அறிவர். கணுவுக்குக் கணு சாணளவு வளர்ந்த மூங்கிலில் 24 விரல் அளவுள்ளதொரு கோல் நறுக்கி, அக்கோலால் 7 கோல் அகலமும், 8 கோல் நீளமும், 1 கோல் உயரமும் உடையதாக அரங்கு இயற்றினர். மேலே பரப்பிய உத்தரப் பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடைவெளி 4 கோல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளும் இருந்தன. தூணின் நிழல் அரங்கின்மேல் விழாதபடி விளக்கு வைத்தனர். இந்நாளில் மின்விளக்குப் பொருத்துவோர் படும் கவலையும் இதுவேயன்றோ! தஞ்சைப் பெருவுடையார் கோயிலிற் பொறிக்கப்பெற்ற 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, அங்கே இராசராசேசுவர நாடகம் ஆடிய சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்குமாறு விதிக்கின்றது. அரசனும் கோயிலும் போற்றிய கலைஞன் அவன். இரந்து நின்றவன் அல்லன்.

காவிரிக்கு வடகரையில் திருவரங்கத்தே இப்பழமையின் ஒரு கிளை இன்றும் பட்டுப்போகாது நிற்கின்றது. மார்கழித் திங்கள் திருவத்யயன உற்சவத்தில் அரையர்கள் நீண்ட பட்டுக்குல்லாய் அணிந்து, கைத்தாளம் கொண்டு, ஆழ்வார் பாசுரங்களைப் பாடி, அவற்றின் பொருளை அபிநயித்துக் காட்டும் சேவையினை நம்மவருட் பலர் கண்டிருப்பர். பகற்பத்து நாள்களில் அருச்சுன மண்டபத்தும், இராப்பத்து நாள்களில் ஆயிரக்கால் மண்டபத்துத் திருமாமணி மண்டபத்தும் அது நிகழும். கஞ்சன் வதையும் அமுதம் கடைந்த கதையும் அங்கே படுதாவும் பக்கத்திரையும் இன்றி, ஒருவரது முகத்தாலும் கையாலுமே கண்முன் தோன்றும். இராப்பத்தின் 8-ஆம் நாள் மணல்வெளியில் நடைபெறும் திருமங்கைமன்னன் வேடுபறியோ, ஊர் முழுவதும் கூடிநின்று காணும் பெருநாடகமேயாம். ஆதலால் திருவரங்கத்தில் வளரும் குழந்தைக்கு நாடகம் என்பது பள்ளியிற் கற்கும் பாடத்திற்கு முன்னரே வந்து சேர்கின்றது.

இங்ஙனம் கோயிலிற் பெருமையுடன் விளங்கிய கலை, ஊர்வெளியிற் கொட்டகையிட்டுக் காசுக்கு ஆடும் தொழிலானபோது, அதனை நடத்தியோர் கல்வியும் ஒழுங்கும் இல்லாதவர் என்ற பெயர் பரவிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை இதுவே. ஆட்டம் இரவு பத்து மணிக்குத் தொடங்கும். எப்பொழுது முடியும் என்பதனை நடிகரும் அறியார். கதையைப் பாதியில் நிறுத்திப் பபூன் வந்து மனம்போனவாறு பேசுவான். இக்குறை கண்டு மனம் நொந்த சங்கரதாச சுவாமிகள், வயது முதிர்ந்த நடிகர் சொற்கேளாமை உணர்ந்து, சிறுவர்களைத் திரட்டிப் பயிற்றுவித்தனர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தனர். டி. கே. எஸ். சகோதரர் முதலியோர் அங்கே பயின்று வந்தவரே. பாய்ஸ் கம்பெனிகள் தமிழ்நாட்டிற்குச் செய்த உபகாரம் பெரிது. ஆயினும் கம்பெனியிற் சேர்ந்த பிள்ளை தாய்தந்தையரைப் பிரிந்து, கம்பெனி வீட்டில் உண்டு உறங்கி, ஊர்தோறும் அலைதல் வேண்டும்.

இதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. திருச்சியில் வளர்ந்த சிறுவன் கணேசன், கம்பளத்தார் ஆடிய கட்டபொம்மன் கூத்தைக் கண்டு நாடக வேட்கை கொண்டு, தனக்குத் தாய்தந்தையர் இல்லை என்று பொய் சொல்லியே கம்பெனியிற் சேர்ந்தான். பின்னாளில் உலகம் போற்றிய நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அவரே. மேடையேறுவதற்கு ஒரு குழந்தை, பெற்றோர் உயிரோடிருக்கவும், அநாதை என்று சொல்ல நேர்ந்தது. நாடகத்தின் மீதிருந்த இழிவினை உணர்த்த இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இந்நிலையை மாற்றியவர், பொருளுக்கன்றி விருப்பத்தினால் நடித்த சபையினர். அவருள் முன்னவர் சென்னைச் சுகுண விலாச சபையார். பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த கிருஷ்ணமாசாரியார் குழுவினரின் தெலுங்கு நாடகங்களைக் கண்டு, கற்றவர் நடித்தால் நாடகம் எவ்வளவு உயரும் என்று உணர்ந்த பம்மல் சம்பந்த முதலியார், தம் நண்பர் சிலருடன் 1891-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1-ஆம் நாள் அச்சபையை நிறுவினர். அப்பொழுது அவர்க்கு வயது பதினெட்டு. வழக்கறிஞரும் உத்தியோகஸ்தரும் முகத்திற் பொடி பூசி மேடையில் நின்றனர். வழக்கறிஞரான ரங்கவடிவேலு பெண்வேடந் தாங்கிப் புகழ்பெற்றனர். சம்பந்த முதலியாரும் பின்னர் நீதிபதியானவரே. பகலில் நீதிமன்றத்தே அமர்பவர் இரவில் மனோகரனாக நடிப்பதனைக் கண்ட உலகம், 'கூத்தாடி' என்னும் சொல்லைச் சற்றே தாழ்ந்த குரலிற் சொல்லத் தலைப்பட்டது.

அச்சபையின் வழியே நம் ஊரில் எழுந்தது ரசிக ரஞ்சன சபை. 1914-ஆம் ஆண்டு இதனை நிறுவியவர் எப். ஜி. நடேச ஐயர் (1880-1963). தென்னிந்திய இரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். நகரசபைத் தலைமையும் வகித்தவர். முதுமையை அணுகிய காலத்து, 1938-இல் வெளிவந்த 'சேவாசதனம்' என்னும் படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியாருடன் நடித்தவர். இரயில்வே உத்தியோகஸ்தர் மலிந்த ஊராதலால், மாலையில் அலுவல் முடிந்தபின் ஒன்றுகூடிக் கலை பயில்வதற்கு இங்கே ஆட்களுக்குக் குறைவில்லை. மணிக்கணக்குப் பார்த்து வண்டியை அனுப்புவோர் நாடகத்தையும் மணிக்கணக்குப் பார்த்தே நடத்தியிருப்பர் என்று எண்ணுவது பொருந்தும். சபையின் பெயரை நோக்குக. ரசிகர்களை மகிழ்விப்பது என்பதே அதன் பொருள். அப்பெயரில் ஊர் இல்லை, குலம் இல்லை. நூறாண்டு கடந்தும் அப்பெயர் நம் ஊரில் நின்று நிலவுகின்றது.

அச்சபை செய்த பல காரியங்களுள் ஒன்றனை இங்கே விரித்துரைப்போம். மாயவரத்தில் 1910-இல் பிறந்து, திருச்சியில் வளர்ந்து வந்தான் தியாகராசன் என்னும் சிறுவன். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆசாரி பொற்றொழில் செய்பவர். பையனுக்கோ பட்டறையில் மனம் செல்லவில்லை, படிப்பிலும் செல்லவில்லை, பாட்டிலேயே சென்றது. ஒருகால் வீட்டைவிட்டே ஓடிக் கடப்பையிற் பாடிக்கொண்டிருந்தவனைத் தந்தையார் தேடிச்சென்று அழைத்து வந்தார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. இச்சிறுவன் பாடக் கேட்ட நடேச ஐயர், தம் சபையார் நடிக்கவிருந்த அரிச்சந்திர நாடகத்தில் இவனே லோகிதாசனாதல் வேண்டும் என்று துணிந்தார், தந்தையாரின் இசைவைப் பெற்றார், மேடையேற்றினார். அப்பொழுது சிறுவனுக்கு வயது ஏறத்தாழப் பத்து.

இங்கே நின்று சிறிது சிந்திப்போமாக. நடேச ஐயர் அந்தணர். உயர்ந்த பதவியில் இருப்பவர். சிறுவனோ பொற்கொல்லர் குலத்தவன், வறிய குடும்பத்தவன். சபையின் அங்கத்தினர் வீடுகளிற் குழந்தைகள் இல்லாமற் போகவில்லை. தம் பிள்ளை மேடையில் நிற்பதனைக் காண விரும்பாத தந்தை எவருமில்லர். ஆயினும் லோகிதாசனுக்கு வேண்டியது குரல். அக்குரல் எவ்வீட்டில் இருந்ததோ அவ்வீட்டை நாடினர். நாடகம் முடிந்தவுடன் பையனுக்குப் பழமும் பாக்கும் கொடுத்து அனுப்பிவிடவும் இல்லை. சிறுவனுக்கு முறையான இசைப்பயிற்சி வாய்த்தது. மதுரை பொன்னு ஐயங்கார் குருவாக அமைந்தார். நடிப்பும் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த அரங்கேற்றத்தில் கஞ்சிரா வித்துவான் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை உடன் வாசித்து, 'பாகவதர்' என்று அவரைச் சிறப்பித்தார் என்பர். எம். கே. தியாகராச பாகவதர் 1934-இல் 'பவளக்கொடி'யிற் பட உலகிற் புகுந்ததும், 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டதும் நாடறிந்த செய்திகள். 1959-இல் அவர் மறைந்தபின்னும் அவர் குரல் மறையவில்லை. இத்தனைக்கும் வித்து ஒரு சபையின் அரிச்சந்திர நாடகத்தில் ஒரு சிறு வேடம்.

அரிச்சந்திரன் கதை சிறுவர் உள்ளத்தில் வேலை செய்யும் திறம் பெரிது. காந்தியடிகள் தம் சுயசரிதையில், இளமையில் ஒரு நாடகக் குழுவினர் நடித்த அரிச்சந்திரனைக் கண்டு, எத்தனை முறை கண்டும் சலியாது, தமக்குத் தாமே அதனைப் பலகால் நடித்துப் பார்த்ததாகக் கூறியுள்ளார். கேட்பதனினும் காண்பது வலிது. காண்பதனினும் நடிப்பது வலிது. பொய் சொல்லாதே என்று நூறு முறை வகுப்பிற் சொல்லி எய்தாத பயனை, மயானத்துக் காட்சியில் ஒருமுறை நின்ற பிள்ளை எய்துவான் என்பது ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டு கழித்த எமது அநுபவம்.

ஆயினும் நாடக மேடை எங்கும் எப்பொழுதும் குலபேதம் கடந்து நின்றது என்று சொல்லின் அது பொய்யாகும். விசுவநாத தாஸ் (1886-1940) வரலாறு இதற்குச் சான்று. தேசபக்திப் பாடல்களை மேடையிற் பாடியமையாற் பலமுறை சிறை சென்ற அப்பெருமகனார், மருத்துவர் குலத்திற் பிறந்தவர் என்னும் ஒன்றே காரணமாக, அவருடன் நடிக்க மறுத்த நடிகரும் நடிகையரும் இருந்தனர். அரசாங்கம் பூட்டிய விலங்கை அவர் ஆபரணமாகக் கொண்டார். உடன்நடிப்போர் பூட்டிய விலங்கை எவ்வாறு பொறுத்தாரோ! 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில் முருகவேடந் தாங்கி மயிலாசனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அவரோடு நடிக்க மறுத்தவர் பெயரை நாம் அறியோம். அவர் பெயரை அறிவோம்.

இனி, தொடக்கத்திற் குறித்த செய்திக்கு வருவோம். நம் சங்கத்தின் சென்ற ஆண்டு விழாவில் இளைஞர் பகுதியார் அரிச்சந்திர நாடகம் நடித்ததை அங்கத்தினர் அனைவரும் அறிவர். அதனைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. இரண்டு திங்கள், மாலைதோறும், திருவரங்கத்தில் அங்கத்தினர் ஒருவர் இல்லத்து மேல்மாடியில் ஒத்திகை நடந்தது. அவ்வில்லத்திற்கு அடுத்த வீட்டுச் சிறுவன் ஒருவன், பதினொரு வயதினன், ஒவ்வொரு நாளும் வந்து மாடிப்படியின் கடைசிப் படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அவன் நம் குலத்தவன் அல்லன். எவரும் அவனை அழையார். அவனும் உள்ளே வாரான்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், லோகிதாசனாக நடிக்கவிருந்த நம் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அன்று மாலை, பாம்பு தீண்டும் காட்சியில் அவ்விடத்தை வெறுமையாக விட்டு ஒத்திகை நடத்துங்கால், படியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. லோகிதாசன் தாயை அழைத்துப் பாடும் பாட்டு. அச்சிறுவன் கண்ணை மூடிக்கொண்டு, தன்னை மறந்து, முழுவதும் பாடி முடித்தான். ஆர்மோனியம் வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். சந்திரமதியாக நடித்த பெண் தன் சொல்லை மறந்து உண்மையாகவே அழுதாள். நாடகம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம் என்பது பின்னர்த் தெரிந்தது.

இவனையே நடிக்கச் செய்வோம் என்று யாம் விழாக் குழுவினரிடம் சொன்னோம். இருவர் உடன்பட்டனர், ஏனையோர், "சங்கத்து நாடகத்திற் சங்கத்துப் பிள்ளைகளே நடிப்பது முறை, இன்று ஒருவருக்கு இடங்கொடுத்தால் நாளை வழக்கமாகிவிடும்" என்றனர். அவர்கள் தீயவர் அல்லர். சங்கத்தின் பணத்தில் நடப்பது சங்கத்துக் குழந்தைகளுக்கே பயன்படுதல் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தாற் சொன்னவர். நடேச ஐயர் வரலாற்றை அன்றே யாம் அறிந்திருந்தோம். வகுப்பிலே மாணாக்கருக்குச் சொல்லியும் இருக்கின்றோம். ஆயினும் அக்கூட்டத்தில் ஒரு சொல்லும் சொன்னோமில்லை. "தங்கள் சித்தம்" என்று எழுந்து வந்தோம்.

வேறொரு பிள்ளை பத்து நாளிற் பாடம் பண்ணி, பக்கத்திரையிலிருந்து அடி எடுத்துக் கொடுக்க, நடித்து முடித்தான். குறையென்று ஒருவரும் சொல்லவில்லை. கைதட்டலும் இருந்தது. மறுநாள் அவ்வீதி வழியே பள்ளிக்குச் செல்லுங்கால் அடுத்த வீட்டுச் சிறுவன் எதிரே வந்தான். எம்மைக் கண்டதும் எப்பொழுதும் போல் வணங்கி, "நாடகம் நன்றாக நடந்ததா, ஐயா?" என்று வினவினான். நன்றாக நடந்தது என்று விடை கூறினோம். அரிச்சந்திர நாடகத்தைப் பயிற்றுவித்த ஆசிரியர் நாடகம் முடிந்த மறுநாளே சொன்ன பொய் அது.

குழுவினர் பக்கத்து நியாயத்தையும் எடுத்துக்காட்டுதல் நம் கடன். திருவரங்கத்து அரையர் சேவை குறிப்பிட்ட குடும்பத்தார்க்கே உரியதாய் வழிவழி வருகின்றது. தஞ்சையை அடுத்த மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டி நிகழும் பாகவத மேளாவில், வேங்கடராம சாஸ்திரியார் இயற்றிய பிரகலாத சரித்திரம் முதலியவற்றை அவ்வூர்க் குடும்பத்தாரே தலைமுறை தலைமுறையாக ஆடிவருகின்றனர். தமக்குரியதெனப் பற்றிக்கொண்டதனாலன்றோ அக்கலைகள் அழியாமல் நின்றன என்று ஒருவர் கேட்கலாம். உண்மையே. அவை வழிபாடு, அங்கே ஆடுவோன் தெய்வத்திற்குச் செய்யும் பணி அது, தந்தையிடமிருந்து மகன் பெறும் கடமை அது. நம் சங்கத்து நாடகம் அத்தகையதன்று. நமக்குப் பாட்டன் விட்டுச் சென்ற தாளமும் இல்லை, ஏடும் இல்லை. சபையாரிடமிருந்து கற்றுக்கொண்ட கலையைத்தான் நாம் ஆடுகின்றோம். அவர்கள் மேடையைக் கடன் வாங்கிய நாம் அவர்கள் வழக்கத்தையும் உடன் வாங்கியிருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் கூறுவோம். நம் சங்கம் தோன்றியது எதற்கு? நம் பிள்ளைகளுக்குக் கல்வியும் இடமும் கிட்டாத காலத்து, கதவடைத்த வாயில்களில் நின்ற நம் முன்னோர், நமக்கென ஒரு வாயில் வேண்டும் என்று ஒன்றுகூடித் தோற்றுவித்தது இது. அவ்வாயிலில் மற்றொருவர் பிள்ளையை நிறுத்தி வைப்பது அம்முன்னோர்க்குச் செய்யும் நன்றியாகுமோ?

ஆதலின் வருகின்ற ஆண்டு விழாவை முன்னிட்டு மூன்று செய்திகளைச் சங்கத்தார் முன் பணிவுடன் வைக்கின்றோம். முதலாவது, நாடகத்தில் வேடங்கொடுப்பது குரலும் பேச்சும் நடிப்பும் நோக்கியே ஆகுக; குலம் நோக்கி ஆகற்க. இரண்டாவது, ஒத்திகையை அரைப்பரீட்சைக்கு முன்னரே முடித்து, மாலை ஏழு மணிக்குமேல் பிள்ளைகளை நிறுத்தி வையாதிருப்போம். படிப்புக் கெடுமென்னும் பெற்றோர் அச்சத்திற்கு அதுவே விடை. மூன்றாவது, நன்றாகப் பாடும் பிள்ளை எவனாயினும் எவளாயினும், நாடகம் முடிந்தபின்னும் ஓராண்டு இசை பயிலுதற்குச் சங்க நிதியிலிருந்து உதவுக. பெருந்தொகை வேண்டுவதில்லை, விழாவிற்குக் கட்டும் தோரணச் செலவிற் பாதி போதும். எமது பங்காக, ஆறு திங்களுக்கு உரிய ஆசிரியர் சம்பளத்தை யாமே தருவோம்.

காரியதரிசியார் இம்மூன்றையும் அடுத்த கூட்டத்திற் படிப்பித்தல் வேண்டுமென விரும்புகின்றோம். சென்ற ஆண்டு எழுந்து வந்ததுபோல் இம்முறை எழுந்து வாரோம். அடுத்த வீட்டுச் சிறுவனுக்கு இப்பொழுது பன்னிரண்டு வயது. குரல் உடையும் பருவம் அணுகுகின்றது. லோகிதாசனாக நிற்பதற்கு அவனுக்கு இன்னும் ஓராண்டே உண்டு. அதற்குள் அவ்வீட்டுக் கதவைத் தட்டி, தந்தையாரின் இசைவைக் கேட்கும் பொறுப்பைச் சங்கம் எமக்குத் தருமாக. சபையார் ஒருகால் இவ்வூரிலே செய்த காரியம் அது, நாமும் செய்வோமாக.